மோதிரத்துக்குள்ள ஒரு முடி

ஜேன் ஒஸ்டின் 1817 ஜூலை 18இல் இறந்தார். சவப்பெட்டியை மூட முதல் அவருடைய அக்கா கசாண்ட்ரா, தங்கையின் தலைமுடியில் சில கற்றைகளை வெட்டி எடுத்து வைத்தார். பிறகு நெருங்கியவர்களுக்கு அதைப் பங்கு பிரித்தார். அதே மாதக் கடைசியில் அண்ணன் மகள் ஃபனிக்கு எழுதிய கடிதத்தில், உன்ர பங்கு முடியை ப்ரோச்சில் பதிக்கிறதா மோதிரத்தில் பதிக்கிறதா என்று விசாரிக்கிறார். செத்தவீட்டில் கேட்கிற கேள்வி மாதிரி இல்லைத்தான். ஆனால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் இது மிகச் சாதாரணமான விசாரிப்பு.

இதை ஏன் திருமலையில இருந்து எழுதுறன் எண்டா, கசாண்ட்ராவுக்கும் ஜேனுக்கும் தம்பியான சார்ள்ஸ் ஒஸ்டின் எங்கட ஊரில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார். கடற்படையில் இளம் அதிகாரியாக இருந்தபோது, 1801இல் கைக்கு வந்த பரிசுப் பணத்தில் இரண்டு அக்காமாருக்கும் தங்கச் சங்கிலியும் புட்பராகச் சிலுவையும் வாங்கிக் கொடுத்த தம்பி அவர். கடைசியில் றியர் அட்மிரலாகி, கிழக்கிந்தியக் கடற்படை நிலையத்தின் தளபதியாக இருந்தபோது 1852 ஒக்டோபரில் பர்மாவின் ஐராவதி ஆற்றில் கப்பலில் இறந்தார். உடல் திருகோணமலைக்கு வந்தது. நகரத்துக்குள் இருக்கிற பழைய ஆங்கிலேயர் கல்லறையில் அவருடைய சமாதி இருக்கிறது. ஜேன் ஒஸ்டின் வாசகர்கள் சிலர் வெளிநாட்டில் இருந்து இதைத் தேடி வருகிறார்கள்.

ஒஸ்டினின் முதல் நாவலான 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' 1811இல் வந்தது. அதிலேயே முடி வைத்த மோதிரம் ஒன்று முக்கியமான வேலை செய்கிறது. எட்வர்ட் என்பவன் விரலில் போட்டிருக்கிற மோதிரத்தில் ஒரு பெண்ணின் முடி இருக்கிறது. அது தன்னுடையது என்று ஒருத்தி நம்புகிறாள். உண்மையில் அது இன்னொருத்தியுடையது. கதை தெரியாதவர்களுக்காக மிச்சத்தைச் சொல்லாமல் விடுகிறேன். முடியைப் பார்த்து அது ஆருடையது எண்டு சொல்லேலாது என்பது அந்தக் காலத்து வாசகர்களுக்கும் நல்லாத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

முடி லேசில் அழுகாது. அதில் உள்ள கெரட்டின் என்ற புரதம் சதை போன பிறகும் நெடுங்காலம் கிடக்கும். அதனால் முடி நகை ஐரோப்பாவில் பெரிய தொழிலாக வளர்ந்தது. முடியைச் சோடாத் தண்ணீரில் அவித்து எண்ணெய்ப் பசையைப் போக்குவார்கள். பிறகு, நடுவில் ஓட்டை உள்ள வட்ட மேசையைச் சுற்றி ஒவ்வொரு இழைக்கும் ஒரு பாரம் கட்டித் தொங்கவிட்டுப் பின்னுவார்கள். காதணி, கைச்சங்கிலி, மணிக்கூட்டுச் சங்கிலி எல்லாம் இப்படி வந்தது. சுவீடனில் வோம்ஹூஸ் என்ற கிராமத்துப் பெண்கள் இந்த வேலைக்காக ஐரோப்பா முழுக்க ஊர் ஊராகப் போனார்கள். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் முடி நகையும் வைக்கப்பட்டது. 1861இல் கணவர் அல்பேர்ட் இறந்த பிறகு விக்டோரியா மகாராணி அவருடைய முடி வைத்த நகைகளைப் போட்டுக்கொண்டு திரிந்தது இந்த வழக்கத்துக்கு இன்னும் மவுசு கொடுத்தது.

இதற்குள் ஒரு பயமும் இருந்தது. நகைக்கடைக்காரன் நீங்கள் கொடுத்த முடியை எறிந்துவிட்டு, வேலைக்கு வசதியான வேறு முடியை வைத்துப் பின்னித் தந்தால் என்ன செய்வீர்கள்? ஐரோப்பாவின் ஏழைக் குடியானவப் பெண்கள் தங்கள் முடியை வெட்டி வியாபாரிகளுக்கு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. நீளமான, மலிவான முடிக்குத் தட்டுப்பாடு இல்லை. இந்தச் சந்தேகத்தால்தான் பெண்கள் பத்திரிகைகள் வீட்டிலேயே முடி பின்னுகிற முறையைப் போட்டன. அந்த மோதிரத்தின் மதிப்பு முழுக்க ஒரு பெயரில் தங்கியிருந்தது. இது ஜேனின் முடி என்று கசாண்ட்ரா சொல்கிறார், ஃபனி நம்புகிறாள். பெயரைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது வெறும் மண்ணிற இழை.

எங்கட பக்கம் இந்தப் பழக்கம் இல்லை. எங்களுக்கு வெட்டிய முடி என்றால் அன்பு இல்லை, பயம். சீப்பில் வருகிற முடியை அம்மம்மா விரலில் சுற்றி, துப்பிவிட்டுத்தான் எறிவா. ஆரும் எடுத்துச் சூனியம் செய்துபோடுவினம் எண்ட எண்ணம். இல்லாட்டி சேர்த்து வைத்துச் சவரிமுடி கட்டுவார்கள். ஆனைமுடி மோதிரம் போடுகிறோம், அதுவும் பயத்துக்குத்தான். (இலங்கையில் ஆனை பாதுகாக்கப்பட்ட விலங்கு, அதை விற்கிறது குற்றம். வாங்கிப் போடாதேங்கோ.) பேச்சில் 'மயிர்' என்ற நல்ல தமிழ்ச் சொல்லைத் திட்டுகிற சொல்லாக்கிவிட்டு, 'முடி' என்று நாசூக்காகச் சொல்லிக்கொள்கிற ஆட்கள் நாங்கள். முடியில் எங்களுக்கு ஏதோ ஒரு சங்கடம் எப்பவும் இருந்திருக்கு.

இனி இந்தக் கதையின் மற்றப் பாதி. அதுவும் எங்கட துறைமுகத்தைத் தொட்டுத்தான் போகிறது.

1883இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்தில் இருந்து பவுல் சரசின், ஃபிரிட்ஸ் சரசின் என்ற இரண்டு உறவுக்காரர்கள் இலங்கைக்கு வந்தார்கள். காசுக்காரக் குடும்பத்து விலங்கியலாளர்கள். திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு வகைக் கடல் முள்ளெலியைப் பிடித்து, அது விஷத்தை எப்படி ஏற்றுகிறது என்று ஆராய்ந்து 1886இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கட்டுரைத் தலைப்பிலேயே திருகோணமலைத் துறைமுகம் இருக்கிறது. அதே ஆட்கள், அதே ஆய்வுப் பயணத்தின் தொடர்ச்சியாக, 1893இல் முடித்த பெரிய நூல் இலங்கை வேடர்களைப் பற்றியும் அவர்களைச் சூழ்ந்து வாழ்கிற மக்களைப் பற்றியும். அதாவது சிங்களவர்களையும் தமிழர்களையும் பற்றி. முள்ளெலிக்கு முள்ளை அளந்தார்கள், எங்களுக்கு மண்டையோட்டை அளந்தார்கள். தோலின் நிறத்தை நிற அட்டையோடு வைத்து ஒப்பிட்டார்கள். முடியை வகைப்படுத்தினார்கள். வேடர்களின் முடி 'அலைமுடி' என்ற வகைக்குள் போனது. வேடர்களை மனிதகுலத்தின் மிக ஆரம்பப் படியில் வைத்தார்கள். மண்டையோடுகளும் எலும்புகளும் பாசலுக்குப் போய்ச் சேர்ந்தன.

முடியை வைத்து மனிதரைப் பிரிக்கிற இந்த யோசனை சரசின்களின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஜேர்மன் உயிரியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் 1868இலேயே மனித இனங்களை முதலில் கம்பளிமுடியர், நேர்முடியர் என்று இரண்டாக வெட்டி, பிறகுதான் மற்றப் பிரிவுகளுக்குப் போனார். அவரும் 1881இல் இலங்கைக்கு வந்து வெலிகமவில் தங்கி நின்றவர். தோல் வெயிலில் கறுக்கும், உடம்பு சாப்பாட்டால் மாறும், முடி மட்டும் பொய் சொல்லாது என்று அந்தக் காலத்து அறிஞர்கள் நினைத்தார்கள். ஒஸ்டினின் நாவலை அவர்கள் வாசித்திருக்கலாம்.

இதன் அடுத்த படி ஒரு தகரப் பெட்டி. ஜேர்மன் மானிடவியலாளர் ஒய்கன் ஃபிஷர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு முடி அளவுகோல் செய்தார். கையடக்கப் பெட்டிக்குள் வரிசையாக 30 கற்றைகள், வெள்ளை மஞ்சளில் இருந்து கறுப்பு வரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம். திறந்து பார்த்தால் நகைக்கடை மாதிரிப் பெட்டி மாதிரியே இருக்கும். ஜேர்மன் ஆட்சியில் இருந்த இன்றைய நமீபியாவில் 1908இல் அவர் கலப்பின மக்களை ஆராயப் போனார். ஒருவருக்குள் எவ்வளவு வெள்ளை, எவ்வளவு கறுப்பு என்று கணக்குப் பார்க்கிற ஆராய்ச்சி அது. பிறகு நாசிகளின் காலத்தில் இவர் பேர்லின் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் இருந்தார். தென்னாபிரிக்காவில் பெட்டிகூடத் தேவைப்படவில்லை. 1950ஆம் ஆண்டுச் சனத்தொகைப் பதிவுச் சட்டத்துக்குப் பிறகு, சந்தேகமான ஆளின் முடிக்குள் ஒரு பென்சிலைச் செருகினார்கள். விழுந்தால் வெள்ளையர், நின்றால் இல்லை. ஒரே குடும்பத்துக்குள் பிள்ளைகள் வேறு வேறு இனமாகப் பதியப்பட்டார்கள். அந்தச் சட்டம் 1991 வரை இருந்தது.

கசாண்ட்ராவின் மோதிரத்தையும் ஃபிஷரின் பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டிலும் இருப்பது ஒரு சின்னக் கற்றை. ஒன்றில் பெயர் இருக்கிறது, மற்றதில் இலக்கம். ஆருடைய முடிக்குப் பெயர் கிடைத்தது, ஆருடையதுக்கு இலக்கம் கிடைத்தது என்பதுதான் கொலனித்துவ வரலாறு என்று எனக்குப் படுகிறது.

திருமலையில் இந்தக் கேள்விக்கு முகம் இருக்கிறது. பாலையூற்றுப் பக்கம் போனால் போர்த்துக்கேய மொழிக் கலப்பில் பேசின தலைமுறையின் பறங்கியர் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களோடு கலந்தும் தனித்தும் வாழ்கிறவர்கள் காப்பிரிகள். போர்த்துக்கேயர் காலத்தில் இருந்தே ஆபிரிக்காவில் இருந்து அடிமைகளாகவும் படையாட்களாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். ஒல்லாந்தரும் கொண்டுவந்தார்கள். ஆங்கிலேயர் ஆபிரிக்கர்களை வாங்கி இலங்கைப் படைப்பிரிவில் சேர்த்து, 1803இல் கண்டிக்கு எதிரான போரிலும் இறக்கினார்கள். புத்தளம் சிறாம்பியடியில் இருக்கிற சமூகம் மஞ்சா என்ற பாட்டுக்காக இப்ப கொஞ்சம் வெளியில் தெரிய வந்திருக்கு. திருமலையில் இருக்கிறவர்களைப் பற்றி ஊருக்குள்ளேயே பேச்சுக் குறைவு. 2012 குடிசன மதிப்பீட்டு அட்டவணையைப் பாருங்கள்: சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், சோனகர், பறங்கியர், மலாயர், செட்டி, பரதர் எல்லாருக்கும் நிரல் இருக்கிறது. காப்பிரிகள் 'ஏனையோர்' என்பதற்குள் போகிறார்கள்.

பெயர் விசயத்தில் இன்னும் ஒரு சிக்கல். அரபியில் 'காஃபிர்' என்றால் நம்பிக்கை இல்லாதவர். அது போர்த்துக்கேய வாய்க்குள் போய், ஆங்கிலத்துக்கு வந்து, தமிழில் 'காப்பிரி' ஆனது. தென்னாபிரிக்காவில் அதே சொல்லை ஒருவரைப் பார்த்துச் சொன்னால் வழக்குப் போடலாம். இங்கே அந்தச் சமூகம் அதைத் தங்கட பெயராகவே வைத்திருக்கிறது, அது அவர்களின் உரிமை. ஆனால் அதன் திரிபான 'காப்பிலி'யை எங்கட ஆட்கள் என்ன செய்கிறார்கள்? கனடாவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிற எங்கட மாமா, சித்தப்பாமார் வீடியோ கோலில் கறுப்பின மக்களைப் பற்றிச் சொல்கிற சொல் அதுதான். சிரித்துக்கொண்டு சொல்வார்கள். சொன்னவரின் கைநிறமும் பக்கத்தில்தான் திரையில் தெரியும். இனக்கலவரத்தில் வீடு எரிந்து ஓடிப்போய் அகதி அந்தஸ்துக் கேட்ட ஆட்களின் வாயில் இந்தச் சொல் எப்படிச் சுகமாக இருக்கிறது என்று நான் ஒருக்கா வீட்டில் கேட்டன். "அதெல்லாம் சும்மா பகிடிக்கு" எண்டு பதில் வந்தது. சுருட்டை முடியோடு பிறக்கிற பிள்ளைக்கும் அந்தப் பகிடி வைக்கப்படுகிறது. எங்கட பட்சிலேயே ஒரு பிள்ளை முதல் வருசக் கொடுப்பனவு முழுக்க ரீபொண்டிங்குக்குக் கொடுத்தவ. முடியை நேராக்கின பிறகு, "இப்பதான் தமிழ்ப் பிள்ளை மாதிரி இருக்கிறாய்" எண்டு அவவின்ர பெரியம்மா சொன்னாவாம். பென்சில் இல்லாமலே நாங்கள் அந்தச் சோதனையை நடத்திக்கொண்டிருக்கிறோம்.

கறுப்பின முடியை நகையாக்குகிற வேலையை இந்த இடத்தில் வைத்துத்தான் நான் விளங்கிக்கொள்கிறேன். சோன்யா கிளார்க் 1967இல் வொஷிங்டனில் பிறந்த கலைஞர். அப்பா ட்ரினிடாட், அம்மா ஜமெய்க்கா. தலைமுடியால் மாலைகள் செய்தவர். பார்க்க விக்டோரியா காலத்து முடி நகையின் சாயல் அதில் இருக்கும், ஆனால் முடி சுருள்முடி. அந்தப் பழைய மோதிரங்களுக்குள் இடம் கிடைக்காத முடி, அறிஞர்களின் பட்டியலில் 'கம்பளி' என்று அடியில் வைக்கப்பட்ட முடி. தன் அம்மாவின் நரைத்த முடியை இரண்டு கையிலும் ஏந்தி வைத்திருக்கிற படமும் அவருடையது. பஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கும் அது. 2014இல் இன்னும் ஒரு படி போய், ரிச்மண்ட் நகரத்தில் தலை பின்னுகிற கறுப்பினப் பெண்களிடம் தன் தலையையே கொடுத்தார். அவர்கள் அவருடைய முடியிலும் பின்னினார்கள், கன்வஸில் பட்டு நூலாலும் பின்னினார்கள். கண்காட்சியில் ஒவ்வொரு பின்னலுக்கும் பின்னியவரின் பெயர் இருந்தது. எனக்கு அந்தப் பெயர்ப் பட்டியல்தான் மாலைகளை விடப் பெரிய வேலையாகத் தெரிகிறது.

இந்தப் படத்துக்குள் நாங்களும் வேறு வழியால் நுழைகிறோம். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் பொருத்திக்கொள்கிற நீள முடியில் பெரும்பகுதி இந்தியாவில் இருந்து போகிறது. திருப்பதியில் மொட்டை போடுகிற முடியைத் தேவஸ்தானம் ஏலத்தில் விற்கிறது. கிறிஸ் ரொக் 2009இல் எடுத்த 'குட் ஹெயார்' ஆவணப்படம் அந்த முடியின் பின்னால் இந்தியா வரை வருகிறது. 2004இல் யூத மதகுருமார் சிலர், இந்தியக் கோயில் முடியில் செய்த டோப்பாக்களைப் போடக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னபோது புரூக்ளினில் பெண்கள் அவற்றைத் தெருவில் போட்டு எரித்தார்கள். எமா டார்லோ என்ற மானிடவியலாளர் 2016இல் முடி வியாபாரத்தைப் பற்றி எழுதிய நூல் இருக்கிறது, கிடைத்தால் வாசியுங்கள். பிரேசில் முடி, பெரு முடி என்று பக்கற்றில் போட்டு விற்பதெல்லாம் பல நேரம் வியாபாரப் பெயர்தான். இந்திய முடிக்கே நாடு மாற்றிப் பெயர் ஒட்டுவார்கள். நேர்த்தி வைத்து மொட்டை போட்ட ஒரு தாயின் பெயர் வழியில் எங்கேயோ கழன்றுவிடுகிறது. அதன் இடத்தில் ஒரு இனத்தின் பெயர் ஒட்டப்படுகிறது, அதுவும் பொய்யாக.

திரும்பவும் எங்கட மாவட்டத்துக்கு வருவம். ஏனெண்டா உலகத்திலேயே பெயர்பெற்ற முடிகளில் சில இங்கேதான் இருப்பதாக ஒரு நம்பிக்கை.

திருகோணமலையில் இருந்து வடக்கே குச்சவெளி தாண்டிப் போனால் திரியாய். தமிழ்க் கிராமம், 1980களில் போரால் இடம்பெயர்ந்து பிறகு திரும்பி வந்த சனம். ஊருக்குப் பக்கத்துக் குன்றைக் கந்தசாமிமலை என்று சொல்வார்கள். மேலே வட்டமாகக் கற்றூண்கள் நிற்கிற பழைய தூபி, கிரிஹண்டு சாய. புத்தர் ஞானம் பெற்றவுடன் அவரைச் சந்தித்த இரண்டு வணிகர்களுக்கு அவர் தன் தலைமுடியைக் கொடுத்தாராம். தபஸ்ஸு, பல்லுக என்ற அந்த வணிகர்கள் கடல்வழியாக வந்து அந்த முடியைப் பேழையில் வைத்து இங்கே தூபி கட்டினார்கள் என்பது ஐதீகம். பர்மியரிடம் கேட்டால், அதே இரண்டு வணிகர்கள், எட்டு முடிகள், ரங்கூனின் ஷ்வேடகன் என்பார்கள். 1852 ஏப்ரலில் ஆங்கிலேயர் ரங்கூனைப் பிடித்து ஷ்வேடகனுக்குள் புகுந்தபோது கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் ஆரெண்டு நினைக்கிறீங்கள்? அக்காவின் முடி மோதிரத்துக்குள் போன அதே குடும்பத்தின் சார்ள்ஸ் ஒஸ்டின்தான்.

திரியாய்க் குன்றில் ஒரு பாறைக் கல்வெட்டு இருக்கிறது. 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டு. மொழி சமஸ்கிருதம், எழுத்து பல்லவ கிரந்தச் சாயல். கடலோடுவதில் வல்ல வணிகக் குழுக்கள் கிரிகண்டி சைத்தியத்தைக் கட்டியதாகச் சொல்கிறது. அவலோகிதேஸ்வரரையும் மஞ்சுசிறியையும் போற்றுகிறது, அதாவது மகாயானம். இது 'சிங்கள பௌத்தம்' என்ற இன்றைய பெட்டிக்குள் லேசில் அடங்காது. 'தமிழருடையது' என்ற பெட்டிக்குள்ளும் அடங்காது. அது கடலோடிகளின் இடம். இதே மாவட்டத்தில் வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் காலத்தில் அதன் பெயர் இராசராசப் பெரும்பள்ளி, அதற்குத் தானம் கொடுத்த கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன. தமிழ் பௌத்தர் என்ற ஒரு கூட்டம் இருந்தது என்பதைச் சிங்களத் தரப்பும் மறக்க விரும்புகிறது, எங்கட தரப்பும் பெரிதாக நினைக்க விரும்பவில்லை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்றை நியமித்தபோது, பாதுகாப்புச் செயலாளர்தான் தலைவர். முதலில் அறிவித்த பட்டியலில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. பெரும்பான்மை தமிழ் பேசுகிற மாகாணம் இது. யாரும் கண்ணால் காணாத ஒரு முடிக்காக, அதைச் சுற்றியுள்ள வயல் ஆருடையது என்ற கேள்வி எழுகிறது. திரியாய்ச் சனத்துக்கு இது ஆராய்ச்சி இல்லை, அடுத்த போக விதைப்பு.

அந்த முடி எப்படி இருந்திருக்கும்? சித்தார்த்தர் அரண்மனையை விட்டுப் போனபோது வாளால் முடியை வெட்டினார், மிஞ்சின இரண்டு விரல் அளவு முடி வலப்பக்கம் சுருண்டு தலையோடு ஒட்டிக்கொண்டது, பிறகு வளரவே இல்லை என்கிறது பாளிக் கதை. அதனால்தான் புத்தர் சிலைகளில் தலை முழுக்க வலம்புரிச் சங்கு மாதிரிச் சின்னச் சின்னச் சுருள்கள். 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் ஆசியாவுக்கு வந்த ஐரோப்பியர் சிலர் இந்தச் சுருள்களைப் பார்த்துவிட்டு, புத்தர் ஆபிரிக்காவில் இருந்து வந்தவராக இருக்கவேண்டும் என்று எழுதினார்கள். வேறு சிலர் மினக்கெட்டு அதை மறுத்தும் எழுதினார்கள். அவர்களுடைய அளவுகோலின்படி பார்த்தால், இந்த மாவட்டத்தில் எல்லாரும் உரிமை கேட்டுச் சண்டை பிடிக்கிற அந்த முடி, பாலையூற்றில் 'ஏனையோர்' என்று பதியப்பட்ட ஒரு பிள்ளையின் தலையில் இருக்கிறதோடுதான் ஒரே வரிசையில் வரும்.